புளி போட்டுத் துலக்கிய சோழக் காசு

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பேய், முனி, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். எங்கள் பீங்கான் கம்பெனியில் இடிந்துபோன பழைய சூளை ஒன்று உண்டு, உச்சிவெயிலில் அதற்குள் போகக்கூடாது என்பார்கள். நான் அதற்குள் உட்கார்ந்துதான் தினமும் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பேன், சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போடுவேன், அத்தனை வருஷத்தில் என் மேல் விழுந்தது கொஞ்சம் செங்கல் தூளும் ஒரே ஒரு பல்லியும்தான். ஆகவே இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்த ஆள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் போலிருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். சிரிப்பீர்கள், தெரியும். தாராளமாகச் சிரியுங்கள், பாதி சிரிப்புக் கதைதான்.

என் பெயர் கலியபெருமாள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கிளேஸ் ரூம் என் பொறுப்பு. ஊறுகாய் ஜாடிக்கு மேலே கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அதுதான் கிளேஸ், அதைக் கலந்து கொடுப்பது நான். வெள்ளை, பழுப்பு, நீலம் எல்லாம் கலப்பேன் என்றாலும் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பச்சை. செம்புப் பொடி சேர்த்துச் சுட்டால் வருகிற பச்சையில் எத்தனை தினுசு உண்டு, எது எதனால் வெளுக்கும், எது எதனால் கறுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கிணறு வெட்டும்போதோ கொல்லையைக் கொத்தும்போதோ யாருக்காவது பழைய செப்புக் காசு கிடைத்தால், நேரே என்னிடம் கொண்டுவந்து, இதன் மேல் இருக்கிற பச்சை அசல் களிம்பா, ஏற்றின களிம்பா என்று கேட்பார்கள்.

அதிலொன்றும் மந்திரம் இல்லை. மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான வருஷம் கிடந்த செம்பில் களிம்பு அடுக்கடுக்காக ஏறும். அடியில் செங்கல் நிறத்தில் ஒரு சிவப்பு, அதன் மேல் கெட்டியான கரும்பச்சை. குண்டூசியால் கீறினால் ஊசி வழுக்கும். போலி பண்ணுகிறவன் அவ்வளவு காலம் காத்திருப்பானா? நவச்சாரத்தையும் உப்பையும் நன்றாகப் புளித்த காடியில் கரைத்து, காசை அதில் முக்கியெடுத்துக் காயவைத்துவிடுவான். பச்சை வந்துவிடும், பார்க்க ஜோராகவும் இருக்கும். ஆனால் அடியில் சிவப்பு இருக்காது, ஊசி பட்டால் மாவாக உதிரும், வெந்நீரில் சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் பாதி கையோடு வந்துவிடும். இவ்வளவுதான் விஷயம், இனிமேல் நீங்களும் நிபுணர்.

இப்போது சவரிமுத்துவுக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் களிமண் கட்டிகளை உடைத்துக் கல் பொறுக்குகிற இடத்துக்கு அவன்தான் மேஸ்திரி. என் சிநேகிதன், தங்கமான மனுஷன், வாயைத் திறந்தால் புளுகு. யாருக்கும் கெடுதல் பண்ணாத வேடிக்கைப் புளுகு. மணிமுத்தாற்றில் முதலையைப் பார்த்தேன் என்பான், முதலைக்கு மீசை இருந்தது என்றும் சேர்த்துக்கொள்வான். ஒரு தடவை பூசணிக்காய் அளவுக்குக் களிமண்ணில் முட்டை பிடித்து, சூளையில் சுட்டு, மண்ணில் புரட்டி, பூமிக்கடியில் கிடைத்த ஆதிகாலத்துப் பறவை முட்டை என்று மானேஜரையே நம்பவைத்துவிட்டான். அவர் அதை ஒரு வாரம் மேஜை மேல் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவனுக்கு மண் கட்டியை உடைக்கும்போது ஒருநாள் மெய்யாகவே ஒரு காசு கிடைத்தது. வருஷம் அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, சரியாக ஞாபகமில்லை. காசைத் தூக்கிக்கொண்டு மானேஜரிடம் ஓடினான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்னா, ஒன் முட்டை குஞ்சு பொரிச்சிடுச்சா? நீயே வச்சிக்கய்யா" என்று அனுப்பிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வாரம்தான் சவரிமுத்துவின் மகள் பிலோமினாவைப் பெண் பார்க்கத் திட்டக்குடியிலிருந்து வந்தார்கள். பையன் ரயில்வேயில் வேலை, நல்ல குணம், ரெண்டு பேருக்கும் பார்த்த உடனே பிடித்துவிட்டது. பையனின் அப்பா ஞானப்பிரகாசம் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், பழங்காசு சேர்க்கிறவர். கேட்க வேண்டுமா, மிக்சரும் காபியும் கொடுத்த கையோடு சவரிமுத்து தன் காசுப் பெருமையை எடுத்துவிட்டான். காசை அங்கேயே காட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும், அதுவோ கம்பெனியில் அவன் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. வாத்தியார் வியாபாரிகளிடம் ரெண்டு முறை போலிக் காசு வாங்கி ஏமாந்து நொந்தவர். போதாததற்கு யாரோ ஒரு புண்ணியவான் அவர் காதில் முட்டைக் கதையையும் ஓதியிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் வாத்தியார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது. ஆனா நாளைக்கு சம்பந்தின்னு ஆயிட்டா ஒங்க பேச்சுதான் எங்களுக்கும் பேச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம கோயில் பூசை முடிஞ்சி வரேன், காசைக் காட்டுங்க. நீங்க சொன்னது நெசமா இருந்தா அங்கயே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். இல்லைன்னா நாம ரெண்டு பேரும் வேற வேற எடம் பாத்துக்கலாம்."

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். பிலோமினா அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

புதன்கிழமை சவரிமுத்து காசைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"யோவ் கலியபெருமாளு, நீயாவது நம்புய்யா. மாதா மேல சத்தியமா மண்ணுலதான் கெடச்சுது. நல்லாப் பாத்துச் சொல்லு. ஞாயித்துக்கெழம வந்து என் பக்கத்துல ஒக்காந்துக்க. நான் சொன்னா எவன் நம்புவான்? பச்சைன்னா நீ சொன்னாத்தான் ஊரே நம்பும்."

"நீ என் ரூம்லேருந்து செம்புப் பொடி எதுவும் எடுக்கலையே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், நம் பக்கத்தில் அவ்வப்போது கிடைக்கிற சோழர் காலத்துக் காசுதான். வழவழவென்று கரும்பச்சை. நிற்கிறவன் காலடியில் பாசிப்பயறு அளவுக்கு நீலமாக ஒரு புள்ளி. ஊசியை வைத்தேன், வழுக்கியது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்த இடத்தில் செங்கல் சிவப்பு தெரிந்தது. வெந்நீர், சவுக்காரம், ஒன்றுக்கும் அசையவில்லை. அசலென்றால் அப்படியொரு அசல். நான் எழுந்து சவரிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவன் கையிலிருந்த களிமண் பூராவும் என் சட்டையில். "என் வூட்டுல இருந்தா வரவன் போறவன்லாம் தொட்டுப் பாப்பான், ஞாயித்துக்கெழம வரைக்கும் நீயே வச்சிரு" என்று சொல்லிவிட்டு விசில் அடித்துக்கொண்டு போனான்.

நான் செய்த தப்பு இங்கேதான். எங்கள் வீட்டில் பத்திரமான இடம் என்றால் சாமி மாடம். யாரும் கண்டபடி கை வைக்க மாட்டார்கள் என்று காசை அங்கே கற்பூரத் தட்டில் வைத்தேன். கிழமையை யோசிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமைக்காக விளக்கு, தட்டு, மணி, செம்பு எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுத் துலக்குவார்கள். நான் வேலை முடிந்து வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே என் மனைவி அஞ்சலை முகமெல்லாம் சிரிப்பாக வந்து கையை விரித்துக் காட்டினாள்.

"என்னாங்க, தட்டுல ஒரு காசு வெச்சிருந்தீங்களே, எவ்ளோ களிம்பு! சாம்பலுக்குப் போவவே மாட்டேன்னுடுச்சி. வுடுவனா? புளியில ஊறவெச்சி, செங்கல்தூள் போட்டு, தேங்கா நாரால தேச்சித் தேச்சி என் கையே ஒடிஞ்சிபோச்சி. இப்பப் பாருங்க, நேத்து அடிச்ச மாதிரி இருக்குது!"

உள்ளபடிக்கே அப்படித்தான் இருந்தது. சிவப்பாக, பளபளவென்று, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம் போல. பச்சையும் இல்லை, நீலப் புள்ளியும் இல்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ கை கால் இழுத்துக்கொண்டது என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்தாள். விஷயத்தைச் சொன்னதும், பாவம், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பிலோமினாவை நினைத்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "ஊருக்கெல்லாம் பச்சை பச்சைன்னு பீத்திக்கிறீங்களே, நீங்களே ஏத்திக் குடுத்துடுங்களேன்" என்றாள்.

கேட்டீர்களா! ஆனால் வேறு வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் காசைச் சட்டைப் பைக்குள் வைத்து வியர்த்த கையால் உருட்டிக்கொண்டே திரிந்தேன். மூன்று தடவை சவரிமுத்துவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன், மூன்று தடவையும் அவன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கோழியா ஆடா என்று யோசனை கேட்டான். எப்படிச் சொல்வது? வாழ்நாளெல்லாம் பொய் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவன் ஒரே ஒரு தடவை நிஜம் சொல்லியிருக்கிறான், அந்த நிஜத்தை என் வீட்டுப் புளி கரைத்துவிட்டது. அசல் காசுக்குப் போலிக் களிம்பு ஏற்றித்தான் அதை அசல் என்று நிரூபிக்க வேண்டும். எனக்கே தலை சுற்றியது.

சனிக்கிழமை பாதி நாள் வேலை. எல்லோரும் போனபிறகு மத்தியானம் ரெண்டு மணிக்கு கிளேஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். நவச்சாரம், உப்பு, காடி, செம்பு உப்பான மயில்துத்தம் கொஞ்சம். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். காசு பச்சையாகத்தான் ஆனது, ஆனால் என்ன பச்சை! கிளிப்பச்சை. குடைராட்டினத்துக் குதிரைக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. இதை வாத்தியார் கையில் எடுக்கவே வேண்டாம், தெருமுனையில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவார். கிளேஸ் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் சூளை ஆறிக்கொண்டிருந்தது, அந்தச் சுவரில் எப்போதும் சூடு இருக்கும். சரி, காய்ந்தாவது கொஞ்சம் கறுக்கட்டும் என்று காசை ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டில் வைத்து, அதைச் சூளைச் சுவர் மாடத்தில் வைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு டீ குடிக்கப் போனேன்.

டீக்கடை நாலு எட்டில் இருக்கிறது. ஒரு டீ, ஒரு மசால்வடை, அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பூட்டு பூட்டினபடி இருந்தது. சாவி ஒன்றுதான், அது என் இடுப்பில். ஜன்னலுக்குக் கம்பி.

உள்ளே போனதும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. நான் போகும்போது அந்த அறை காடியும் நவச்சாரமுமாகக் கண்ணைக் கரிக்க நாறிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வாசனை துளிக்கூட இல்லை. அப்போதுதான் வெட்டியெடுத்த ஈரமண் வாசனை. எங்கள் தொழிலில் மண் வாசனை புதிதில்லை, ஆனால் இது வண்டியில் வந்து கொட்டிக் காய்ந்த மண்ணின் வாசனை இல்லை, ஆழத்து மண். மாடத்தைப் பார்த்தேன். பீங்கான் துண்டின் மேல் காசு இருந்தது. கரும்பச்சையாக.

கையில் எடுத்தேன், தூக்கிவாரிப் போட்டது. அந்த மாடத்தில் உள்ளங்கையை வைக்க முடியாது, அவ்வளவு சூடு, பீங்கான் துண்டே சுட்டது. காசு மட்டும் குளத்தடி மண் மாதிரி ஜில்லென்று இருந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நிற்கிறவன் காலடியில் பாசிப்பயறு அளவுக்கு நீலப் புள்ளி, அதே இடத்தில். ஊசியை வைத்தேன், வழுக்கியது. ஓரத்தில் உதிர்ந்த இடம், அதில் செங்கல் சிவப்பு. நான் ஏற்றின கிளிப்பச்சை எங்கே போனது என்று கேட்பீர்கள். நானும் தேடினேன். அது பீங்கான் துண்டின் மேல் கிடந்தது. வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக, வட்டமாக, நிற்கிறவன் உருவம் திருப்பிப் பதிந்தபடி, யாரோ பதமாக உரித்து வைத்த மாதிரி. விரலால் தொட்டதும் தூளாகிவிட்டது.

வெளியே ஓடிவந்து காவல்காரரைக் கேட்டேன், யார் வந்தார்கள் என்று. "இங்க யாருங்க வரப்போறாங்க, நானும் ஒரு காக்காவுந்தான்" என்றார். எனக்குப் பயம் வந்ததா என்றால், நம்புங்கள் நம்பாமல் போங்கள், வரவில்லை. பிலோமினா கல்யாணம் பிழைத்தது என்ற சந்தோஷத்தில் பயப்பட நேரமே இல்லை. சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய் அஞ்சலையிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அய்ய, மறுபடியும் அழுக்காக்கிட்டீங்களா? பாத்தாலே கை துறுதுறுன்னுது."

மறுநாள் காலை வரைக்கும் காசை வேட்டி மடியை விட்டு நான் வெளியே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து வீட்டில் கோழி, ஆடு ரெண்டுமே. வாத்தியார் வந்தார், கூடவே பையனும் நாலைந்து உறவுக்காரர்களும். நான் வாக்குப்படி சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் தோள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான், நான் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். வாத்தியார் காசை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அதில் போட்டுச் சவுக்காரத்தால் தேய்த்தார். பைக்குள்ளிருந்து ஊசியை எடுத்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பிலோமினாவின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. வாத்தியார் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சார், இங்க வாங்க, நீங்க பச்சைக்காரராச்சே, இதப் பாருங்க," என்று என்னைக் கூப்பிட்டார். "உக்காந்திருக்கற ஆள் பக்கம், ஓரத்துல பாருங்க. ரேகை தெரியுதா? கட்டைவெரல் ரேகை. காசு புதுசா இருந்தப்ப எவனோ வேத்த கையால அழுத்திப் புடிச்சிருக்கான். அது செம்புல அப்படியே அரிச்சி எறங்கி, அதுமேல களிம்பு ஏறியிருக்குது. ஆயிரம் வருசத்துக் களிம்புங்க. எந்தப் போலிக்காரனுக்கு இப்படி வரும்? நான் எத்தனையோ காசு பாத்துட்டன், இப்படி ஒண்ண பாத்ததே இல்ல!"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரேகை இருந்தது. புதன்கிழமை நான் பார்த்தபோது அது அங்கே இல்லை, இருந்திருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது. வெள்ளிக்கிழமை பூராவும் துலக்கின காசை வியர்த்த கையால் உருட்டினவன் யார்? நான்தானே. என் ரேகைக்கு மேலே ஆயிரம் வருஷத்துக் களிம்பா?

"ரேகைக்குக் குறுக்க ஒரு வெட்டுக் காயம்கூடத் தெரியுது பாருங்க," என்றார் வாத்தியார். "சாய்வா போயி, அடியில கவட்டை மாதிரி ரெண்டா பிரியுது. அந்தக் காலத்து உழைப்பாளி பாவம்!"

அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் என் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தேன். பிறகு ரகசியமாகக் குனிந்தும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா, நம்முடையது இல்லை, எந்தச் சோழனுடையதோ! "மெய்யான பச்சைங்க, என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல" என்று சத்தமாகச் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லையே? வாத்தியார் எழுந்து சவரிமுத்துவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, நான் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிக்கணும்" என்றார். சவரிமுத்து குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். வெற்றிலை பாக்கு மாறியது. காசைச் சவரிமுத்து அங்கேயே சம்பந்திக்குக் கொடுத்துவிட்டான். நான் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி என் கல்யாணத்தில்கூடச் சாப்பிடவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது, பிலோமினா திட்டக்குடியில் சௌக்கியமாக இருக்கிறாள். சவரிமுத்து அதற்குப் பிறகு திருந்தினான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள், சரித்திர வாத்தியாரே நம்பின ஆள் என்ற தெம்பில் முன்னைவிட ரெண்டு மடங்கு புளுக ஆரம்பித்துவிட்டான். நடந்ததை அஞ்சலையைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. ஏதோ நடந்தது, நல்லதாக நடந்தது, தோண்டித் துருவ வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறேழு வருஷம் கழித்து, எழுபதுகளின் நடுவில், கம்பெனியில் உடைந்த ஜாடி ஒன்றைத் தூக்கினபோது அதன் விளிம்பு என் வலது கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஆறினபிறகு பார்த்தால் வடு சாய்வாக ஓடி, அடியில் ரெண்டாகப் பிரிந்திருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ வடு, நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு ராத்திரி பூரா வாத்தியார் சொன்ன கவட்டைதான் கண் முன்னால் நின்றது.

பிலோமினாவின் மூன்றாவது குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனோம். விருந்து முடிந்ததும் வாத்தியார் வழக்கப்படி காசையும் கண்ணாடியையும் எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினார், என் முறையும் வந்தது. பார்த்தேன். ரேகையைப் பார்த்தேன், மடியில் வைத்திருந்த என் விரலைப் பார்த்தேன், மறுபடி ரேகையைப் பார்த்தேன். ஒரு சுழி விடாமல் அதுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அஞ்சலையிடம் சொன்னேன். "ஒலகத்துல கட்டைவெரலு வெட்டுப்பட்டவரு நீங்க ஒருத்தர்தானா? கல்யாணம் நல்லபடியா நடந்துச்சி இல்ல, அத்தோட வுடுங்க" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் சொல்வது நியாயம்தான், நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

ஆனால் அவளிடமும் சொல்லாத ஒன்று உண்டு. காசில் அந்த வெட்டுக்கு மேலே, விரல் நுனியில், மிளகு அளவுக்கு ஓர் இடத்தில் ரேகையே கிடையாது, மழமழவென்று இருக்கிறது. சூளைப் பக்கம் வேலை பார்க்கிறவனுக்கு அது என்ன என்று சொல்லித்தர வேண்டாம், நன்றாகச் சுட்டு ஆறின இடம் அப்படித்தான் இருக்கும். என் விரலில் அந்த இடத்தில் ரேகை இன்றுவரை ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அதனால் பிலோமினா வீட்டுக்குப் போனால் அவள் ஆவி பறக்கக் காபி கொண்டுவந்து நீட்டும்போது நான் இடது கையைத்தான் நீட்டுகிறேன். "என்னா மாமா, எப்ப வந்தாலும் எடது கையால வாங்குறீங்க?" என்று அவள் சிரிக்கிறாள். நானும் சிரித்துக்கொண்டே, "கீழ வெச்சிடும்மா, ஆறட்டும்" என்கிறேன்.